ரேடியோவின் முதுகைத் திறப்போம்



தருமபுரிப் பக்கம் ஒரு கிராமத்துப் பள்ளிக்குப் பெரிய அட்டைப்பெட்டி ஒன்று வந்தது. பரணில் தூசி படிந்து கிடந்த பழைய மின்சாமான்களை ஊர்க்காரர்கள் ஆளுக்கொன்றாகக் கொடுத்திருந்தார்கள். பழைய இரும்புக் கடையில் போட்டிருந்தால் எடைக்கு எடை போயிருக்கும். பிள்ளைகள் பிரித்துப் பார்க்கட்டும் என்று கொடுத்த அந்தப் பெரியவர்களுக்கு முதலில் ஒரு வணக்கம். பெட்டியைப் பிரித்தபோது நானும் கூட இருந்தேன்.

கை வைக்கும் முன் ஒரு கண்டிப்பு. எதையும் பிளக்கில் சொருகாதீர்கள். வருஷக்கணக்கில் ஓடாமல் கிடந்த கருவியில் ஒயரின் ரப்பர் வெடித்திருக்கும், எலி கடித்திருக்கும், மின்சாரத்தைத் தேக்கிவைக்கும் கண்டன்சர் என்ற பாகம் கெட்டிருக்கும். சுவிட்சைப் போட்டால் ஷாக் அடிக்கலாம், புகையலாம். ரேடியோ மெக்கானிக் பார்த்துச் சரி என்று சொன்ன பிறகுதான் கரண்ட். இன்றைக்கு நமக்குக் கரண்டே தேவையில்லை. கண்ணும் ஒரு ஸ்க்ரூ டிரைவரும் போதும்.

முதலில் வெளியே வந்தது ஒரு வால்வு ரேடியோ. மரப்பெட்டி, முன்பக்கம் துணி, கண்ணாடி டயலில் ஊர்ப்பெயர்கள். இரண்டு பேர் சேர்ந்து தூக்கினார்கள். அதோடு கயிறு கட்டி ஒரு சின்னப் புத்தகம் இருந்தது. அது ரேடியோ லைசென்ஸ். ஆமாம், அந்தக் காலத்தில் வீட்டில் ரேடியோ வைத்திருக்க அரசின் அனுமதி வேண்டும். ஆண்டுதோறும் தபால் ஆபீசில் பணம் கட்டிப் புதுப்பிக்க வேண்டும். 1980களின் நடுவில்தான் அந்த வழக்கம் ஒழிந்தது.

புத்தகத்தில் வருஷம் அழிந்திருந்தது. முகவரி மட்டும் தெரிந்தது: சேலம் ஜில்லா, தருமபுரி தாலுகா. "தருமபுரி தனி மாவட்டம்தானே, சேலம் என்று ஏன் போட்டிருக்கிறது?" என்று ஒரு பெண் கேட்டாள். நல்ல கேள்வி! தருமபுரி மாவட்டம் சேலத்திலிருந்து பிரிந்தது 1965 அக்டோபர் 2 அன்று. அப்படியானால் இந்தப் புத்தகம் அதற்கு முந்தையது என்றுதானே தோன்றுகிறது? பழக்கத்தில் பழைய பெயரையே எழுதியிருக்கவும் கூடும் என்பதால் முடிவு கட்டிவிடாமல் "பெரும்பாலும் 1965க்கு முன்" என்று குறித்துக்கொண்டோம். சான்றைப் பார்த்துக் காலத்தைக் கணிப்பதும், எவ்வளவு உறுதி என்று சேர்த்துச் சொல்வதும் அறிவியல்தான்.

இப்போது முதுகைத் திறப்போம். பின்பக்கத்து ஓட்டை போட்ட அட்டையைக் கழற்றினால் உள்ளே ஒரு ஊரே தெரிகிறது. ஒவ்வொரு வேலைக்கும் ஒவ்வொரு பாகம், ஒவ்வொன்றும் கண்ணுக்குத் தெரிகிற அளவில். இன்றைய கைபேசியைத் திறந்தால் கறுப்புச் சில்லுகள்தான் தெரியும், எது என்ன செய்கிறது என்று விளங்காது. பழைய கருவியின் பெருமையே அது எதையும் ஒளிப்பதில்லை என்பதுதான்.

முன்னால் இருக்கும் டியூனிங் குமிழைத் திருப்பிக்கொண்டே பின்னால் பாருங்கள். குமிழில் சுற்றிய ஒரு நூல் ஓடுகிறது. சின்னக் கப்பிகளைச் சுற்றி, ஒரு ஸ்பிரிங்கில் இழுபட்டு, டயல் முள்ளை நகர்த்துகிறது. அதே நூல் ஒரு பெரிய சக்கரத்தையும் திருப்புகிறது. சக்கரத்தோடு சேர்ந்து, அரை வட்டமாக வெட்டிய அலுமினியத் தகடுகளின் வரிசை ஒன்று மெல்லத் திரும்பி, அசையாமல் நிற்கும் இன்னொரு வரிசைக்குள் நுழைகிறது. தகடும் தகடும் நூலிழை இடைவெளியில் கடக்கின்றன, ஒன்றோடொன்று உரசுவதே இல்லை. மெக்கானிக்குகள் இதை கேங் கண்டன்சர் என்பார்கள். அன்று அந்தக் குமிழை விடவே மாட்டேன் என்று ஒரு பையன் திருப்பிக்கொண்டே இருந்தான். நானும் அவனைத் தடுக்கவில்லை.

இந்தத் தகடுகள் என்ன செய்கின்றன? நம் தலைக்கு மேல் ஒரே நேரத்தில் பல நிலையங்களின் வானொலி அலைகள் போகின்றன. எல்லாம் அலை பிடிக்கும் கம்பியான ஏரியலில் வந்து மோதும். அதில் ஒன்றை மட்டும் பிரித்தெடுக்க வேண்டும். ஊஞ்சலை நினைத்துக்கொள்ளுங்கள். அது போய்வரும் தாளத்துக்குச் சரியாகத் தள்ளினால் உயர உயரப் போகும். தாளம் தப்பித் தள்ளினால் ஆடாது. கம்பிச்சுருளும் கண்டன்சரும் சேர்ந்தால் அதற்கும் இப்படி ஒரு சொந்தத் தாளம் உண்டு. தகடுகள் எவ்வளவு உள்ளே நுழைகின்றனவோ அவ்வளவுக்குத் தாளம் மெதுவாகும். வெளியே வந்தால் வேகமாகும். பெங்களூரு நிலையம் 612 கிலோஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 6,12,000 அதிர்வு. சென்னை 720. திருச்சி 936. பெங்களூருக்குத் தகடுகள் நிறைய உள்ளே இருக்க வேண்டும், திருச்சிக்குக் கொஞ்சம் வெளியே வர வேண்டும். கையால் திருப்பிய அளவுக்கு ஊர் மாறுகிறது!

தகடுகளுக்குப் பக்கத்தில் நிற்கும் கண்ணாடிக் குழல்கள்தாம் வால்வுகள். உள்ளே காற்று இல்லை. நடுவில் உள்ள பாகம் சூடேறிச் சிவந்ததும் அதிலிருந்து எலக்ட்ரான்கள் கிளம்பி, சுற்றியிருக்கும் தகட்டை நோக்கிப் பாயும். 1904இல் ஜான் ஃபிளெமிங் செய்த முதல் வால்வில் இவ்வளவுதான் இருந்தது. 1906இல் லீ டி ஃபாரஸ்ட் இரண்டுக்கும் நடுவே ஒரு கம்பி வலையை வைத்தார். அந்த வலைக்குத் தரும் மிகச் சிறிய மின்னழுத்தம் பெரிய எலக்ட்ரான் ஓட்டத்தையே கூட்டவும் குறைக்கவும் செய்தது. ஏரியலில் வரும் மெல்லிய அலையை அறை நிறையக் கேட்கும் பாட்டாகப் பெருக்கும் வித்தை இதுதான். வால்வு சூடாக வேண்டும் என்பதால்தான் அந்த ரேடியோவைப் போட்டால் பாட்டு வரக் கொஞ்ச நேரம் பிடிக்கும். ஒரு வால்வில் 'BEL' என்ற முத்திரை தெரிந்தது. 1954இல் பெங்களூரில் தொடங்கிய பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தின் தயாரிப்பு அது.

அடுத்து வந்தது டிரான்சிஸ்டர் ரேடியோ, தோல் உறையோடு. 1947 டிசம்பரில் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் ஜான் பார்டீன், வால்டர் பிராட்டைன் என்ற இருவர் ஜெர்மானியத் துண்டு ஒன்றை வைத்து வால்வின் வேலையைச் செய்துகாட்டினார்கள், அதுதான் டிரான்சிஸ்டர். சூடாக்கத் தேவையில்லை, கண்ணாடி இல்லை, பேட்டரியே போதும். அவர்களுக்கும் வில்லியம் ஷாக்லிக்கும் 1956இல் நோபல் பரிசு கிடைத்தது. இன்றைய புதுக் கைபேசிச் சில்லு ஒன்றில் ஆயிரம் கோடிக்கு மேல் டிரான்சிஸ்டர்கள் இருக்கின்றன. நம் கையில் இருந்த ரேடியோவில் விரல் விட்டு எண்ணிவிடலாம்.

வீட்டை விட்டு வெளியே வந்த ரேடியோ இதுதான். வயலுக்கும் டீக்கடைக்கும் மாட்டுக் கொட்டகைக்கும் போனது. 1960களில் திருச்சி வானொலியின் வேளாண்மை நிகழ்ச்சிகளைக் கேட்டுத் தஞ்சை விவசாயிகள் ஏ.டி.டி. 27 என்ற புதிய நெல்லைப் பயிரிட்டார்கள். அந்த நெல்லுக்கே 'ரேடியோ நெல்' என்று பெயர் வந்துவிட்டது. எனக்கு மிகவும் பிடித்த பெயர் இது.

டிரான்சிஸ்டர் ரேடியோவின் முதுகைத் திறந்தால் மேல்பக்கமாக ஒரு கறுப்புத் தண்டு படுத்திருக்கும், மேலே மெல்லிய செம்புக்கம்பி சுற்றியிருக்கும். அது ஃபெரைட் தண்டு. நாம் பார்த்த பெங்களூரு, சென்னை, திருச்சி போன்ற மீடியம் வேவ் நிலையங்களுக்கு அதுதான் ஏரியல். கீழே சின்னத் தகரப் பெட்டிகளுக்குள் மஞ்சள், வெள்ளை, கறுப்பு நிறத் திருகுகள் தெரியும். அழகாக இருக்கிறதே என்று திருகிவிடாதீர்கள், நிலையமே கிடைக்காமல் போகும்!

ஃபெரைட் தண்டுக்கு ஒரு குணம் உண்டு. பக்கவாட்டில் வரும் அலையை நன்றாகப் பிடிக்கும், அதன் முனைக்கு நேராக வரும் அலையைப் பிடிக்காது. தருமபுரிக்குச் சென்னை கிழக்கே கொஞ்சம் வடக்குத் தள்ளி இருக்கிறது. பெங்களூரு வடமேற்கில், திருச்சி தெற்கில் கொஞ்சம் கிழக்குத் தள்ளி. ஆகவே தண்டு தெற்கு வடக்காக இருந்தால் சென்னை தெளிவாகும். ரேடியோவைக் கால்வட்டம் திருப்பித் தண்டைக் கிழக்கு மேற்காக வைத்தால் திருச்சியும் பெங்களூரும் தெளிவாகும். தாத்தா கிரிக்கெட் வர்ணனை கேட்கும்போது ரேடியோவைக் கையில் பிடித்து இப்படியும் அப்படியும் திருப்பியது இதற்காகத்தான்.

அப்படியானால் இழுத்து நீட்டும் கம்பி எதற்கு? எஃப்.எம்.முக்கும் ஷார்ட் வேவுக்கும். ஒரு கணக்குப் போடுவோம். வானொலி அலை நொடிக்கு 3 லட்சம் கிலோமீட்டர் ஓடுகிறது. அதை அதிர்வு எண்ணால் வகுத்தால் ஓர் அலையின் நீளம் கிடைக்கும். திருச்சியின் 936 கிலோஹெர்ட்ஸுக்கு ஏறத்தாழ 320 மீட்டர். தருமபுரி எஃப்.எம். 102.5 மெகாஹெர்ட்ஸுக்கு 3 மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. நேர்க்கம்பி ஏரியல் அலை நீளத்தில் கால் பங்கு இருந்தால் நன்றாக வேலை செய்யும். 3 மீட்டரில் கால் பங்கு முக்கால் மீட்டர், கம்பியை முழுதாக நீட்டினால் ஏறத்தாழ அவ்வளவுதான் வரும். அளந்து பாருங்கள். 320 மீட்டரில் கால் பங்கு 80 மீட்டர். அதைக் கையில் தூக்கிக்கொண்டு வயலுக்குப் போக முடியுமா?

கேசட்டுகளும் சில இருந்தன. 1963இல் பிலிப்ஸ் நிறுவனம் கொண்டுவந்தவை. பழுப்பு நாடாவில் பூசியிருப்பது பெரும்பாலும் இரும்பு ஆக்சைடு. ஒலிக்கு ஏற்பக் காந்தமாகிப் பதிந்திருக்கும். பக்கத்தில் காந்தம் கொண்டுபோனால் குரல் அழிந்துவிடும். உங்கள் வீட்டுக் கேசட்டில் பாட்டி பாடிய தாலாட்டு இருக்கலாம், அதை முதலில் கைபேசியில் பதிந்துவையுங்கள்.

பெட்டியில் அடங்காமல் தனியாக வந்தது ஒரு 14 அங்குல டிவி. 2006 செப்டம்பரில் தமிழக அரசு தொடங்கிய இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்தில் வீடு வீடாக வந்தது, உங்களில் பலர் வீட்டிலும் இருக்கும். இதன் முதுகைத் திறக்கவே கூடாது. உள்ளே படக்குழாய்க்கு ஏறத்தாழ 20,000 வோல்ட் போகும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அது தங்கியிருக்கலாம். குழாய் உடைந்தால் கண்ணாடி உள்நோக்கி வெடித்துச் சிதறும், அந்தக் கண்ணாடியில் ஈயமும் உண்டு. உடைத்துச் செம்புச் சுருளை எடுப்பதும், ஒயரை எரிப்பதும் உங்கள் ஊரில் நடந்தால் பெரியவர்களிடம் சொல்லித் தடுங்கள். அந்தப் புகை நஞ்சு. ஓடாத டிவியை மின்கழிவு வாங்க அங்கீகாரம் பெற்றவர்களிடம்தான் கொடுக்க வேண்டும்.

ஓடுகிற படக்குழாய் டிவி இருந்தால் வெளியிலிருந்தே இரண்டு விஷயம் பார்க்கலாம். ஒரு லென்ஸை வைத்துத் திரையைப் பாருங்கள். வெள்ளையாகத் தெரியும் இடத்தில் வெள்ளையே இருக்காது, சிவப்பு, பச்சை, நீலக் கோடுகளோ புள்ளிகளோதான் இருக்கும். இன்னொன்று, காதால் கேட்பது. எலக்ட்ரான் கற்றை 625 வரிகளாக ஒரு படத்தை வரைகிறது, நொடிக்கு 25 படம். பெருக்கினால் 15,625. அந்த வேகத்தில் உள்ளே ஒரு பாகம் அதிர்ந்து கீச்சென்று மெல்லிய ஒலி எழுப்பும். வயதாக ஆக உயர்ந்த சுருதி காதில் விழாது. ஒலியளவை முழுக்கக் குறைத்துவிட்டுத் தாத்தாவையும் பக்கத்தில் உட்காரவைத்துக் கேளுங்கள். உங்களுக்குக் கேட்கும், அவருக்குப் பெரும்பாலும் கேட்காது.

எல்லாவற்றுக்கும் பிள்ளைகள் சீட்டு எழுதி ஒட்டினார்கள். பொருளின் பெயர், கொடுத்தவர், எப்போது வாங்கியது, யார் பயன்படுத்தியது. நம் தருமபுரிப் பக்கம் இறந்த வீரர்களுக்காக நட்ட நடுகற்கள் பலவற்றில் எந்த அரசன் காலத்தில், யார், எதற்காக இறந்தார் என்று வெட்டிவைத்திருக்கிறார்கள். அதனால்தான் அந்தக் கல்லை இன்றும் நம்மால் படிக்க முடிகிறது. சீட்டு இல்லாத ரேடியோ வெறும் பெட்டி.

இனி உங்கள் முறை. வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ பேட்டரியில் ஓடும் டிரான்சிஸ்டர் இருந்தால், பழைய பேட்டரி கசிந்திருக்கிறதா என்று பெரியவர்களைப் பார்க்கச் சொல்லிப் புதியது போடுங்கள். பகலில் ஒரு முறை, இரவு 9 மணிக்கு மேல் ஒரு முறை மீடியம் வேவில் முள்ளை மெதுவாக நகர்த்துங்கள். பகலில் வானத்தின் உயரத்தில் உள்ள ஓர் அயனி அடுக்கு இந்த அலைகளை விழுங்கிவிடும். இரவில் அது மறைந்துவிடுவதால், அதற்கும் மேலே உள்ள அடுக்கில் பட்டுத் தொலைதூர நிலையங்களின் அலை நம்மிடம் திரும்பி வரும். என்ன மொழி கேட்டது, முள் எந்த எண்ணில் நின்றது, ரேடியோவை எந்தத் திசையில் திருப்பினால் ஒலி கூடியது என்று நோட்டில் இரண்டு பத்தியாக, பகல் ஒன்று, இரவு ஒன்று என எழுதிவையுங்கள்.