கண்டிப் பாறையில் ஒளிந்திருந்த போரன்

தட்டாரின் பட்டடையில் வெண்காரத்தைக் கண்டிராதவர் சிலரே. பொன்னோடு பொன்னைப் பொருத்துகையில் அவர் தூவும் அவ்வெண்பொடி, போரன் என்னும் மூலகத்தின் உப்பாகும். நீரில் எளிதிற் கரைவது அது. அதே போரன், கத்தியாற் கீறவும் இயலாத வன்கல்லாகக் கண்டி மாவட்டத்திலே உறைந்திருந்தது.

அம்பகோட்டைக்கு அருகிலுள்ள கங்கபிட்டியவில், சுண்ணக்கற் பாறையும் வேறொரு பாறையும் சந்திக்கும் எல்லையில், நீலம் கலந்த சிறு மணிகளை ஆனந்த குமாரசுவாமி கண்டார். அவர் பெயரைக் கேட்டதும் நடராசர் திருவுருவமே நம் நினைவுக்கு வரும். ஆனால் அவர் முதலிற் கற்றது கல்லை. சிலையைக் கற்றது பின்னரே. இலங்கைக் கனிப்பொருள் ஆய்வுப் பகுதியின் முதற் பணிப்பாளரும் அவரே. பிரித்தானிய நூதனசாலையைச் சேர்ந்த பிரையர் என்பாருடன் சேர்ந்து, 1903 இல் அதனைப் புதிய கனிப்பொருளென அறிவித்தார். அராபிய வணிகர் இத்தீவுக்கு இட்ட பெயரால் அது செரந்திபைற் எனப்பட்டது.

கல்சியம், மகனீசியம், அலுமினியம், சிலிக்கன், போரன் ஆகியவை அதில் உண்டென இரசாயனப் பகுப்பு அன்றே காட்டியது. ஆனால் எந்த அணு எங்கே அமர்ந்திருக்கிறது? ஒரு வீட்டில் இத்தனை பேர் உளர் என்று அறிவது வேறு. யார் எந்த அறையில் என்று அறிவது வேறு அன்றோ! பளிங்கினூடே எக்ஸ் கதிரைச் செலுத்தும் முறை 1912 இலேயே பிறந்தது. செரந்திபைற்றின் உள்ளமைப்பைத் துருவி, அணுக்களின் இருப்பிடங்களைக் கணக்கிட்ட விரிவான ஆய்வொன்று 1993 இல் வெளிவந்தது. நான்கு ஒட்சிசன் அணுக்கள் நான்முகியாகச் சூழ்ந்திருக்க, நடுவே சிலிக்கன் அமரும் ஆசனங்கள் அதில் உள்ளன. அவற்றுட் சிலவற்றைப் போரன் பிடித்துக்கொண்டிருக்கிறது.

இந்த ஆசன மாற்றம் இரத்தின வணிகரையும் ஏமாற்றியிருக்கிறது. இலங்கை மண்ணிற் கிடைத்த பழுப்புக் கல்லொன்றை, இரும்பு மிகுந்த பெரிடொட் என்றே நெடுங்காலம் விற்றனர், வாங்கினர். அணுக்கள் அடுக்கப்பட்ட ஒழுங்கு இரண்டிலும் ஒன்றே. ஆயின் பெரிடொட்டில் சிலிக்கன் இருக்கும் இடமெல்லாம் இதிற் போரனே இருந்தது. 1952 இல் இலண்டன் நூதனசாலையில் கிளாரிங்புல், ஹே ஆகிய இருவர் இதனை மெய்ப்பித்து, சிங்களைற் எனப் பெயரிட்டனர். பெரிடொட் எனப் பெயரெழுதிச் சேகரங்களில் வைத்திருந்த பழுப்புக் கற்களை, அதன்பின் ஒவ்வொன்றாக எடுத்து மீண்டும் சோதிக்க வேண்டியதாயிற்று.