மலையகத்து மழைமானிகளும் அவற்றின் நம்பகமும்

கொட்டகலையைச் சூழ்ந்த தேயிலைச் சரிவுகளுக்கு வளம் தருவதும் மழை. அச்சரிவுகளைப் பெயர்த்து வீழ்த்துவதும் மழை. மலையடியில் லயன்களில் வாழும் தொழிலாளர் குடும்பங்களுக்கு மழைக் கணக்கு உயிர்க் கணக்கேயாகும். இலங்கையின் மண்சரிவு அபாய மாவட்டங்களில், தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் அமைத்துள்ள தன்னியக்க மழைமானிகள் அக்கணக்கைத் தாமே எடுத்துத் தாமே அனுப்புகின்றன. இங்ஙனம் இணைந்து இயங்கும் கருவிகளை எவ்வளவு நம்பலாம், அந்நம்பகம் எவ்வாறு காக்கப்படும் என்பன ஆராயத்தக்கன.

இத்தகைய மழைமானிகளுள் பெருவழக்கானது கவிழ்கலக் கருவி. புனலின் வழி இறங்கும் நீர், துலாப்போல் அமைந்த இரு சிறு கலங்களுள் ஒன்றை நிரப்பும். நிரம்பியது கவிழ, மற்றது மேலெழும். கவிழ்தோறும் ஒரு மின்துடிப்பு எண்ணப்படும். ஒரு கவிழ்வு 0.2 மி.மீ. மழையைக் குறிப்பதாயின், 375 கவிழ்வுகள் 75 மி.மீ. ஆகும். 24 மணி நேரத்தில் 75 மி.மீ. பெய்தால் விழிப்பு, 100 மி.மீ. ஆனால் வெளியேற ஆயத்தம், 150 மி.மீ. ஆனால் உடனே வெளியேற்றம் என்பது இலங்கையிற் கைக்கொள்ளப்படும் பொது அளவுகோல். ஒரு மணி நேரத்திலேயே 75 மி.மீ. கொட்டினும் வெளியேறல் வேண்டும்.

இனிக் குறைகளை நோக்குவோம். புனலில் ஒரு சருகு அடைத்துக்கொண்டால், வெளியே பெருமழை பெய்யினும் கருவி சுழியமே காட்டும். மூடுபனி நாட்கணக்கில் கவிந்திருந்தால் சூரிய மின்தகடு சோர்ந்து மின்கலம் வற்றும். அடைமழையிலோ, கலம் கவிழும் இடைவேளையிற் சிறிது நீர் கணக்கில் அடங்காது ஓடிவிடும். இவை அனைத்தும் மழையைக் குறைத்துக் காட்டும் பிழைகள் என்பதை உணர்தல் வேண்டும். பிழை நேருங்கால் கருவி அச்சம் ஊட்டுவதில்லை, ஆறுதலே கூறுகின்றது. ஆதலின், ‘மழை இல்லை’ என்னும் செய்தியையும் ‘செய்தியே இல்லை’ என்னும் நிலையையும் வேறு பிரித்தறிதலே இவ்வமைப்பின் முதற் கடமை.

அதற்கு வழிகள் உள. மழையற்ற வேளையிலும் கருவி குறித்த நேரந்தோறும் ‘இயங்குகின்றேன்’ என்று அறிவித்தல் வேண்டும். அவ்வறிவிப்பு நின்றால் அதுவே பழுதின் அறிகுறி. அண்டைக் கருவிகள் பெருமழை காட்ட, இடையிலுள்ள ஒன்று மட்டும் சுழியம் காட்டுமாயின், அதனை ஐயுறுதல் தகும். புனல்வாய் 200 சதுர செ.மீ. ஆயின், 400 கன செ.மீ. நீரை மெல்ல ஊற்ற, 0.2 மி.மீ. கலம் 100 முறை கவிழ்ந்து 20 மி.மீ. காட்டல் வேண்டும். பருவமழைக்கு முன் இச்சோதனையைச் செய்தல் எளிது.

தனிக் கருவி செம்மையாயிருத்தல் மட்டும் போதாது. உணரி, மின்கலம், தொலைபேசிக் கோபுரம், கணிப்பொறி, அறிவிப்பாளர் என்னும் ஐந்து கண்ணிகளும் தனித்தனியே 100க்கு 95 முறை செவ்வனே இயங்குவன எனக் கொள்வோம். ஐந்தும் ஒருங்கே இயங்குதல் 100க்கு ஏறத்தாழ 77 முறையே. இரண்டாவது கருவி துணையாகலாம். ஆயின் இரண்டும் ஒரே கோபுரத்தை நம்பியிருப்பின், கோபுரம் வீழுங்கால் இரண்டும் ஒருங்கே ஊமையாகும். 2025 நவம்பரில் டித்வா புயல் தாக்கியபோது மின்சாரமும் தொலைத்தொடர்பும் பல இடங்களில் அறுந்தமை இதற்குச் சான்று. மாற்றுவழி மெய்யாகவே வேறு வழியாயிருத்தல் வேண்டும்.

இறுதிக் கண்ணி மனிதன். 2014 அக்டோபர் 29ஆம் நாள் பதுளை மாவட்டத்துக் கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் லயன்கள் மண்ணுள் புதைந்தன. அவ்விடம் ஆபத்தானதென முன்னரே எச்சரிக்கப்பட்டிருந்தது. ஆயினும் மக்கள் அங்கேயே வாழ்ந்துவந்தனர். மாற்றுக் குடியிருப்பு இல்லாதவர்க்கு எச்சரிக்கை மட்டும் என் செய்யும்? செய்தி தமிழில், நள்ளிரவிலும், கையடக்கத் தொலைபேசி இல்லாத வீட்டுக்கும் எட்டுதல் வேண்டும். கேட்டவர் சென்று தங்குதற்கு இடமும் வேண்டும்.

எனவே, கருவிகளின் எண்ணிக்கையைக் கொண்டு இவ்வமைப்பின் தரத்தை மதித்தல் பொருந்தாது. மழை சரிவில் விழுந்த கணத்திலிருந்து, லயனின் கடைசி வீட்டார் பாதுகாப்பான இடத்தை அடையும் கணம் வரை எக்கண்ணியும் அறாதிருத்தலே அதன் உண்மையான அளவுகோலாகும்.