பூனையுடன் தனியாக 840 கி.மீ. கார் பயணம்: ஓட்டுவது சுலபம், நிறுத்துவதுதான் சிக்கல்

வேலை மாறி பெங்களூருவிலிருந்து புனேவுக்குப் போக வேண்டியிருந்தது. சாமான்களை பேக்கர்ஸ் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். மிச்சம் இருந்தது நான், ஒரு சின்ன கார், 4 கிலோ எடையுள்ள என் பூனை முறுக்கு. தேசிய நெடுஞ்சாலை 48-ல் சுமார் 840 கி.மீ. வழியெல்லாம் கத்துவாள், வாந்தி எடுப்பாள் என்றுதான் பயந்தேன். தும்கூருவைத் தாண்டுவதற்குள் தூங்கிவிட்டாள். சிக்கல் ஆரம்பித்தது சித்ரதுர்கா பக்கத்தில், எனக்கு பாத்ரூம் போக வேண்டிவந்தபோது.

இரண்டு பேர் போனால் ஒருவர் ஏசியைப் போட்டுக்கொண்டு காரிலேயே உட்காரலாம். தனியாகப் போகிறவருக்கு அந்த வசதி கிடையாது. 'அஞ்சு நிமிஷம்தானே, ஜன்னலைக் கொஞ்சம் இறக்கிவிட்டுப் போகலாம்' என்றுதான் யாருக்கும் தோன்றும்.

அந்த அஞ்சு நிமிஷத்தில் என்ன ஆகும்?

வெயிலில் நிறுத்திய காருக்குள் எவ்வளவு வேகமாகச் சூடேறுகிறது என்று அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் அளந்து 2005-ல் வெளியிட்டார்கள். ஒரு மணி நேரத்தில் வெப்பநிலை சராசரியாக 22 டிகிரி செல்சியஸ் கூடியது. அதில் 80 சதவீதம் முதல் அரை மணி நேரத்திலேயே ஏறிவிட்டது. ஜன்னலைச் சற்றே திறந்து வைத்ததால் பெரிய வித்தியாசம் எதுவும் இல்லை.

இதை நம் ஊர் கணக்கில் பாருங்கள். வெளியே 30 டிகிரி என்றால், நீங்கள் டோக்கன் வாங்கி, தோசை வந்து, சாப்பிட்டுத் திரும்புவதற்குள் உள்ளே 47 டிகிரியைத் தாண்டியிருக்கும். பூனைக்கு பாதங்களில்தான் முக்கியமாக வியர்க்கும், அது உடம்பைக் குளிர்விக்கப் போதாது. நாய் வாயைத் திறந்து மூச்சிரைத்தால் அது சாதாரண விஷயம். காருக்குள் பூனை அப்படி இரைத்தால் ஆபத்து என்று அர்த்தம்.

ஆகவே விதி ஒன்றுதான்: நீங்கள் இறங்கினால் கூண்டும் உங்களோடு இறங்க வேண்டும். பாத்ரூமுக்கும்தான். மற்ற திட்டம் எல்லாம் இதிலிருந்தே வருகிறது. ஒரு கையால் தூக்கக்கூடிய, கெட்டியான பிளாஸ்டிக் கூண்டு வாங்குங்கள். மேல் பக்கமும் திறந்தால் நல்லது. காலை 5 மணிக்குக் கிளம்பி, வெயில் உச்சிக்கு வரும்முன் பெரும்பகுதி தூரத்தை முடித்துவிடுங்கள். சாப்பாடு பார்சல், அல்லது வெளியே மேஜை போட்டிருக்கும் தாபா. நான் ஹூப்ளியில் இரவு தங்கினேன். கிட்டத்தட்ட பாதி தூரம்.

கூண்டுக்குள்ளேயே வைத்திருப்பது பாவம் இல்லையா?

மடியில் பூனை படுத்திருக்க காரோட்டும் ரீல்ஸ் நிறையப் பார்த்திருப்பீர்கள். 80 கி.மீ. வேகத்தில் போகும் கார் மோதி நின்றால், கட்டப்படாத பூனை அதே வேகத்தில் முன்னால் பறக்கும். சுமார் 25 மீட்டர், அதாவது எட்டு மாடி உயரத்திலிருந்து விழும்போது கிடைக்கும் வேகம் அது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 125-வது பிரிவும், ஓட்டுநரின் கட்டுப்பாட்டுக்கு இடைஞ்சலாக எதையும் வைக்கக் கூடாது என்கிறது. இன்னொரு பக்கம், விலங்கைத் துன்புறுத்தும் விதத்தில் ஏற்றிச் செல்வது 1960-ம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். முதல் முறை அபராதம் 10 முதல் 50 ரூபாய். ஆமாம், சரியாகத்தான் படித்தீர்கள்.

கூண்டை முன் சீட்டுக்குப் பின்னால், தரையில் நெருக்கி வையுங்கள். ஃபாஸ்டேக் வந்தபின் டோல்கேட்டில் ஜன்னலைத் திறக்கும் வேலை குறைவு. ஆனால் ஸ்கேனர் வேலை செய்யாத ஒரு இடத்தில் ஊழியர் கண்ணாடியைத் தட்டத்தான் செய்வார். பூனை வெளியே பாய அந்தத் திறப்பு போதும்.

பழக்கப்படுத்த இரண்டு வாரமாவது வேண்டும். கூண்டை ஹாலில் திறந்தே வைத்து உள்ளே சாப்பாடு வையுங்கள். பிறகு தெருவைச் சுற்றி 10 நிமிடம், அப்புறம் அரை மணி நேரம். அந்த இடைவெளியில் கால்நடை மருத்துவரைப் பார்த்து ரேபிஸ் தடுப்பூசி பதிவைச் சரிபாருங்கள். ரொம்பப் பயப்படும் பூனைக்கு கபாபென்டின் எழுதித் தருவார்கள். அதைக் கிளம்பும் நாளில் முதல்முறையாகக் கொடுக்காமல், வீட்டில் ஒருமுறை கொடுத்துப் பாருங்கள். நீங்களாக எந்த மாத்திரையும் தர வேண்டாம். பாராசிட்டமால் பூனையைக் கொன்றுவிடும்.

கிளம்புவதற்கு 4 மணி நேரம் முன்பே சாப்பாட்டை நிறுத்தினால் வாந்தி குறையும். ஓடும் காரில் பெரும்பாலான பூனைகள் சிறுநீர் கழிக்காது. வண்டியை ஓரங்கட்டி, கதவு ஜன்னலை மூடி, ஏசியை ஓடவிட்டு மணல் தட்டைக் காட்டலாம். முறுக்கு அதையும் மதிக்கவில்லை. ராத்திரி ரூமில்தான் போனாள். பகல் முழுக்க அடக்கிக்கொள்வது பரவாயில்லை. 24 மணி நேரம் சிறுநீரே வரவில்லை என்றால், குறிப்பாக ஆண் பூனையாக இருந்தால், அது அவசர சிகிச்சை தேவைப்படும் நிலை. ஒரு நாளுக்கு மேல் சாப்பிடாமல் இருந்தாலும் மருத்துவரை அழையுங்கள். பட்டினி கிடக்கும் பூனையின் கல்லீரலில் கொழுப்பு சேர்ந்துவிடும்.

'பெட் ஃப்ரெண்ட்லி' என்றால் பூனையும் சேர்த்தியா?

இதில்தான் நான் ஏமாந்தேன். முன்பதிவு செய்த ஹோட்டலின் ரிசப்ஷனில் கூண்டைப் பார்த்ததும், "நாய்க்கு மட்டும்தான் மேடம்" என்றார்கள். இரவு 7 மணி, ஒரு கையில் கூண்டு, இன்னொரு கையில் போன். மூன்றாவது லாட்ஜில்தான் இடம் கிடைத்தது. போன் செய்யும்போதே 'பூனை' என்று சொல்லி, வாட்ஸ்அப்பில் எழுத்தாக வாங்கிவிடுங்கள்.

ரூமுக்குள் போனதும் கூண்டைத் திறக்காதீர்கள். முதலில் ஜன்னல், பாத்ரூம் வென்டிலேட்டர், கட்டிலுக்கு அடியில் சந்து இருக்கிறதா என்று பாருங்கள். கட்டில் பெட்டிக்குள் புகுந்த பூனையை விடியற்காலை 4 மணிக்கு வெளியே எடுப்பது லேசான வேலை இல்லை.

வழியில் வண்டி படுத்துவிட்டால் தேசிய நெடுஞ்சாலை உதவி எண் 1033. கால்நடை மருத்துவ உதவிக்கு 1962, ஆனால் அது முக்கியமாக ஆடுமாடுகளுக்கான சேவை. அதனால் தங்கும் ஊரில் இரவில் திறந்திருக்கும் கிளினிக் ஒன்றின் எண்ணையாவது முன்கூட்டியே சேமித்துக்கொள்ளுங்கள்.

புனேயில் மறுநாள் சாமான் வந்து இறங்கியபோது முறுக்கை ஒரு ரூமில் விட்டுப் பூட்டி, 'திறக்காதீர்கள், உள்ளே பூனை' என்று இந்தியில் எழுதி ஒட்டினேன். பேக்கர்ஸ் ஆட்களில் ஒருவர் அதைப் படித்துவிட்டு, "கடிக்குமா?" என்று கேட்டார்.