மின் அளவி இடமாற்றம் (பெரிய பிரித்தானியா)

மின் அளவி இடமாற்றம் என்பது, வீட்டை விரிவாக்கிக் கட்டும்போது அங்குள்ள மின் அளவியையும், தெருவிலிருந்து அதற்கு வரும் மின் இணைப்பு வடத்தையும் வேறோர் இடத்தில் மாற்றி அமைக்கும் பணியைக் குறிக்கும். இங்கிலாந்து, வேல்சு, இசுக்காட்லாந்து ஆகிய நாடுகளில் இப்பணியை ஒரே நிறுவனம் முழுமையாகச் செய்வதில்லை. தெருவுக்கும் வீட்டின் விளக்குக்கும் இடையிலுள்ள மின் அமைப்பு மூன்று தரப்பினரின் பொறுப்பில் உள்ளது. எனவே, கட்டுமானம் தொடங்கும் முன்னரே மூவரின் பணிகளையும் ஒழுங்கு செய்துகொள்ள வேண்டியுள்ளது.

பொறுப்புகளின் பிரிவு

* இணைப்பு வடமும் முதன்மை உருகியும்: தெருவிலுள்ள பொது வடத்திலிருந்து பிரிந்து வீட்டுக்கு வரும் வடமும், அது முடியும் இடத்திலுள்ள முதன்மை உருகிப் பெட்டியும் அப்பகுதியின் மின் பகிர்மான நிறுவனத்துக்கு உரியவை. இவ்வுருகி பொதுவாக 60, 80 அல்லது 100 ஆம்பியர் அளவுடையது.
* மின் அளவி: இது மின் விற்பனை நிறுவனத்தின் பொறுப்பாகும். அந்நிறுவனம் அமர்த்தும் அளவிப் பணியாளரே இதனைக் கழற்றவும் பொருத்தவும் இயலும்.
* அளவிக்குப் பிந்திய பகுதி: அளவியிலிருந்து வீட்டின் பகிர்மானப் பெட்டிக்குச் செல்லும் கம்பிகளும் அதற்கு அப்பாலுள்ள அனைத்தும் வீட்டு உரிமையாளருடையவை. இவற்றைத் தகுதி பெற்ற மின்பணியாளர் மாற்றலாம்.

உருகிப் பெட்டியிலும் அளவியிலும் முத்திரை இடப்பட்டிருக்கும். கட்டட ஒப்பந்தக்காரர் தாமாக அதனை உடைத்து அளவியை நகர்த்த உரிமை இல்லை.

வரலாற்றுப் பின்னணி

1948 இல் மின்துறை நாட்டுடைமையாக்கப்பட்ட பின்னர், இங்கிலாந்திலும் வேல்சிலும் 12 வட்டார மின் வாரியங்கள் இயங்கின. வடம், அளவி, கட்டணம் ஆகிய மூன்றையும் அவ்வாரியங்களே கவனித்து வந்தன. 1989 ஆம் ஆண்டின் மின்சாரச் சட்டத்தின்கீழ் 1990 இல் இவை தனியார்மயமாயின. 1998-1999 காலப்பகுதியில் வீட்டு நுகர்வோர் தமது விற்பனை நிறுவனத்தைத் தாமே தேர்ந்தெடுக்கும் முறை படிப்படியாக நடைமுறைக்கு வந்தது. பின்னர், 2000 ஆம் ஆண்டின் பொதுப்பயன்பாட்டுச் சட்டம் பகிர்மானத்துக்கும் விற்பனைக்கும் தனித்தனி உரிமங்களை ஏற்படுத்தியது. நுகர்வோர் விற்பனை நிறுவனத்தை மாற்ற முடியும். ஆனால் பகிர்மான நிறுவனம் அவர் வாழும் இடத்தைப் பொறுத்தே அமைகிறது. பெரிய பிரித்தானியா இவ்வாறு 14 பகிர்மானப் பகுதிகளாகப் பிரிக்கப்பட்டுள்ளது.

தேவையும் ஆபத்தும்

விரிவாக்கத்துக்கான அடித்தளம் இணைப்பு வடத்தின் பாதையில் அமையும்போதும், அளவிப் பெட்டி பொருத்தப்பட்ட வெளிச்சுவர் வீட்டின் உட்சுவராக மாறும்போதும் இடமாற்றம் தேவைப்படுகிறது. வடத்தின் மேல் கட்டடம் எழுந்துவிட்டால், பிற்காலத்தில் பழுது ஏற்படும்போது தரையை உடைத்தே அதனை அணுக வேண்டியிருக்கும்.

வீட்டின் உருகி, அதற்குப் பிந்திய கம்பிகளை மட்டுமே காக்கிறது. தெருவிலிருந்து உருகி வரையுள்ள வடத்துக்குத் துணை மின்நிலையத்திலுள்ள பெரிய உருகியே காப்பாகும். அது பல நூறு ஆம்பியர் அளவுடையது. ஆகவே, மண்வெட்டியோ துளையிடும் கருவியோ இவ்வடத்தைத் துளைத்தால் மின்சாரம் உடனே துண்டிக்கப்படும் என்று கூறமுடியாது. மின்வில் தோன்றிக் கடுமையான தீக்காயமோ உயிரிழப்போ நேரலாம். தோட்டங்களில் வடம் ஏறத்தாழ 450 மில்லிமீட்டர் ஆழத்தில் இருப்பது வழமை. எனினும், பழைய வீடுகளில் அது மேலாகவும் கிடக்கக்கூடும். வரைபடத்தை மட்டும் நம்பாமல், வடங்காண் கருவியால் இடத்தை உறுதிசெய்து, கைக்கருவிகளால் கவனமாகத் தோண்டுதல் வேண்டும்.

பணியின் ஒழுங்கு

# பகிர்மான நிறுவனத்திடம் விண்ணப்பித்து, புதிய இடத்துக்கு ஒப்புதலும் விலைமதிப்பும் பெறுதல். செலவைப் பொதுவாக வீட்டு உரிமையாளரே ஏற்க வேண்டும். வடத்தின் நீளமும், தெருவைத் தோண்ட வேண்டுமா என்பதும் தொகையைத் தீர்மானிக்கின்றன.
# புதிய அளவிப் பெட்டியைப் பொருத்தி, தமது நிலத்துக்குள் அகழியும் குழாயும் அமைத்தல். இதனை உரிமையாளரின் ஒப்பந்தக்காரரே செய்யலாம்.
# பகிர்மான நிறுவனம் புதிய வடத்தை இட்டு, பழையதுடன் அல்லது பொது வடத்துடன் இணைத்து, உருகியை மாற்றுதல்.
# விற்பனை நிறுவனத்தின் பணியாளர் அளவியை இடம் மாற்றுதல்.
# மின்பணியாளர் அளவியிலிருந்து பகிர்மானப் பெட்டி வரையுள்ள கம்பிகளை இணைத்துச் சோதித்தல்.

இறுதி மூன்று பணிகளும் ஒரே நாளில் அமையாவிடின், இடைப்பட்ட நாட்களில் வீடு மின்சாரமின்றி இருக்க நேரிடும். இப்பணியில் ஏற்படும் பெரும்பாலான இடர்கள் தொழில்நுட்பத்தால் அன்றி, இந்நாட்கள் பொருந்தாமையாலேயே விளைகின்றன.

கவனிக்க வேண்டியவை

* தொடர் இணைப்பு: பழைய வீடுகள் சிலவற்றில் அண்டை வீட்டுக்கான மின்சாரம் இவ்வீட்டின் உருகிப் பெட்டி வழியாகவே செல்லும். அத்தகைய வடத்தை நகர்த்துமுன் அண்டை வீட்டுக்குத் தனி இணைப்பு வழங்கவேண்டி வரலாம். அவர்களது நிலத்தைத் தோண்ட அவர்களின் இசைவும் தேவை.
* புவித்தொடுப்பு: பழைய வடங்களில் ஈய உறையே புவித்தொடுப்பாகப் பயன்பட்டது. புதிய வடங்கள் பலவற்றில் நடுநிலைக் கம்பியும் புவிக்கம்பியும் ஒன்றாக உள்ளன. வடம் மாறும்போது இம்முறையும் மாறினால், எரிவளி, நீர் ஆகியவற்றின் உலோகக் குழாய்களைப் பிணைக்கும் செப்புக் கம்பி குறைந்தது 10 சதுர மில்லிமீட்டர் அளவுடையதா எனச் சரிபார்க்க வேண்டும்.
* தூரம்: அளவிக்கும் பகிர்மானப் பெட்டிக்கும் இடையிலுள்ள கம்பிகள் பெரும்பாலும் 3 மீட்டருக்குள் இருக்க வேண்டும். கூடினால், அளவியின் அருகில் உருகியுடன் கூடிய தனி ஆளி தேவைப்படும்.
* கல்நார்: பழைய அளவிப் பலகைகளில் கல்நார் இருக்கக்கூடும். ஐயம் இருப்பின் சோதனைக்கு முன் அவற்றைத் துளைத்தலோ உடைத்தலோ கூடாது.

வட அயர்லாந்து

வட அயர்லாந்தில் பகிர்மான வலையமைப்பும் மின் அளவிகளும் ஒரே நிறுவனத்தின் பொறுப்பில் உள்ளன. ஆகையால், அளவிக்கெனத் தனியாக விற்பனை நிறுவனத்தை நாட வேண்டிய தேவை அங்கு இல்லை.