மழைக் கணக்கும் மஞ்சள் நிறமும்

தோட்டத்து ஆபிஸ் முற்றத்தில் ஒரு மழைமானி நிற்கும். காலையில் கிளாக்கர் தண்ணீரை அளந்து புத்தகத்தில் எழுதி வைப்பார். அந்தக் கணக்கு கொழுந்துக்கும் பால்வெட்டுக்கும் உரம் போடுவதற்கும்தான். லயத்துக்குப் பின்னால் நிற்கிற மேட்டை நினைத்து அந்தப் புத்தகத்தைப் புரட்டியவர் அபூர்வம். கொடகவெல, இறக்குவானைப் பக்கத்து மலைகளில் ஆபத்தைச் சொன்னவை வேறு: பீலித் தண்ணீர் திடீரென்று கலங்குவது, நேராக நின்ற மரம் சாய்வது, காம்பராச் சுவரில் விரல் நுழைகிற அளவுக்கு வெடிப்பு விழுவது. கான் வெட்டுகிற ஆளுக்கு, அடைமழையில் தண்ணீர் எந்தப் பக்கம் திரும்பும் என்பது அத்துபடி. பிரட்டுக்களத்தில் அவரிடம் அதை யார் கேட்டார்கள்?

தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 1990இல் மண்சரிவு வரைபட வேலையைத் தொடங்கியது. முதலில் பதுளை, நுவரெலியா; இரத்தினபுரியும் கேகாலையும் பிறகு. பாறை, சரிவின் செங்குத்து, மேல்மண், நீரோட்டம், நிலத்தின் வடிவம், நிலப் பயன்பாடு என்று ஆறு விஷயங்களுக்கும் மதிப்பெண் போட்டு ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்தினால், எந்த மேடு இறங்கக்கூடியது என்று தெரியும். 1:10,000 வரைபடத்தில் ஒரு சென்ரிமீற்றர் என்பது நிலத்தில் 100 மீற்றர். ஒரு லயத்தைத் தனியாகக் காட்ட அது போதும்.

வரைபடம் வந்ததும் சாவு நின்றுவிடவில்லை. 2003 மே மாதப் பெருமழையில் இரத்தினபுரி மாவட்டம் உருக்குலைந்தது. 2016 மே 17இல் அரநாயக்கவில் மலை இறங்கிய அதே நாளில் புளத்கொஹுபிட்டியவில் தோட்ட லயமும் புதைந்தது.

இப்போது மழையைத் தானியங்கி மானிகள் அளந்து அனுப்புகின்றன. 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் தாண்டினால் மஞ்சள், 100 தாண்டினால் செம்மஞ்சள், 150 என்றால் சிவப்பு: வெளியேறு. போனில் செய்தி வந்துவிடுகிறது. ஆனால் அதில் இருப்பது பிரதேச செயலாளர் பிரிவின் பெயர். ‘கொடகவெல’ என்றால் பெல்மதுளை–எம்பிலிப்பிட்டிய வீதியோரத்து வயல்காரருக்கும் அதே நிறம், மேட்டடி லயத்துக்கும் அதே நிறம். நாலு தடவை மஞ்சள் வந்து ஒன்றும் நடக்காவிட்டால், ஐந்தாம் தடவை யார் பாயைச் சுருட்டுவார்கள்? அதை அலட்சியம் என்று நான் சொல்லமாட்டேன்.

பனிச்சறுக்கு நடக்கிற வெளிநாட்டு மலைகளில் காரியம் வேறு மாதிரி. பனி குவிந்த சரிவில் முன்கூட்டியே வெடி வைத்து விழுத்திவிடுவார்கள். எங்கே வைத்தார்கள், எவ்வளவு விழுந்தது என்பதைச் சரிவு சரிவாக டிஜிட்டல் வரைபடத்தில் ஏற்றுவார்கள். சந்தேகம் வந்தால் அந்தச் சரிவை மட்டும் மூடிவிட்டால் சறுக்க வந்தவர் ஹோட்டலுக்குத் திரும்பிவிடுவார். நம் மண்ணை அப்படி வெடி வைத்து இறக்க முடியாது. விலக்கக்கூடியது ஆட்களைத்தான். அவர்களுக்கோ வேலைக்குப் போகாத நாளில் பேர் இல்லை, அதாவது சம்பளம் இல்லை. மாட்டையும் கோழியையும் விட்டுவிட்டுப் பள்ளிக்கூட மண்டபத்தில் எத்தனை இரவு படுப்பது?

பிரிவுக்கு ஒரு நிறம் என்பதை லயத்துக்கு ஒரு நிறமாக இறக்குவது கணினிக்குப் பெரிய வேலையல்ல. மானிகளைக் கூட்ட வேண்டும். கான் வெட்டுகிறவர் கண்ட வெடிப்பையும் வரைபடத்தில் ஏற்ற வேண்டும். வீட்டையே மாற்றுவதுதான் கஷ்டம். அதற்கு 7 பேர்ச்சஸாவது காணி வேண்டும். அந்தக் காணி 1992இலிருந்து தோட்டக் கம்பனிகளின் நிர்வாகத்துக்குள் கிடக்கிறது.