கலர் மாறிய கார்பன் காப்பி

பி.காம். படித்தவனுக்குப் பூனைக்குட்டியிடம் என்ன வேலை என்று கேட்காதீர்கள். இது கணக்கு உதைத்த பூனை.

அமெரிக்காவில் டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தில் ரெயின்போ என்று ஒரு பெண் பூனை இருந்தது. வெள்ளை, கறுப்பு, ஆரஞ்சு என்று மூன்று கலர். அதன் செல் ஒன்றை எடுத்து, நியூக்ளியஸ் நீக்கிய ஒரு கருமுட்டைக்குள் வைத்து, வாடகைத் தாய்ப் பூனை ஒன்றின் வயிற்றில் வளர்த்தார்கள். 2001 டிசம்பர் 22-ஆம் தேதி குட்டி பிறந்தது. உலகின் முதல் க்ளோனிங் பூனை. 87 கருக்களை வைத்ததில் தேறியது இது ஒன்றுதான். பெயர் சிசி. 'காப்பிகேட்' என்பதன் சுருக்கம்.

ஜெராக்ஸ் மாதிரி இருக்கும் என்று எதிர்பார்த்தால், குட்டியிடம் ஆரஞ்சு மருந்துக்குக்கூட இல்லை! உடம்பெல்லாம் பழுப்புக் கோடும் வெள்ளையும்தான். மனிதக் குழந்தையாக இருந்திருந்தால் அக்கம்பக்கத்தில் என்னவெல்லாம் பேசியிருப்பார்கள்! டி.என்.ஏ. சோதனையோ 'சந்தேகமே வேண்டாம், அசல் ரெயின்போ' என்றது.

அப்படியானால் ஆரஞ்சு எங்கே போச்சு?

உடம்பில் ஏறக்குறைய எல்லா செல்லிலும் ஒரே டி.என்.ஏ.தான். ஹெட் ஆபீஸ் எல்லா பிராஞ்சுக்கும் ஒரே ரூல் புத்தகத்தை அனுப்பியிருக்கிறது என்று வையுங்கள். தோல் பிராஞ்சில் ஈரல் சம்பந்தப்பட்ட பக்கங்களைப் பின் போட்டு மூடிவிட்டார்கள். ஈரல் பிராஞ்சில் மூளைப் பக்கங்களை. இந்தப் பின்தான் விஷயம். மீதைல் என்கிற சின்ன வேதிப்பொருள் டி.என்.ஏ. மேல் போய் ஒட்டிக்கொள்கிறது. டி.என்.ஏ. சுற்றி வைக்கப்பட்டிருக்கும் ஹிஸ்டோன் புரோட்டீன்கள் மேலும் இப்படிச் சில முத்திரைகள். எழுத்து ஒன்றுகூட மாறுவதில்லை. எதைப் படிக்கலாம், எதைத் தொடக்கூடாது என்பது மட்டும் மாறுகிறது. எபிஜெனடிக்ஸ் என்று பயமுறுத்துகிறார்களே, அது இதுதான்.

இப்போது க்ளோனிங்குக்கு வாருங்கள். வருஷக்கணக்காக ஒரே ஸீட்டில் உட்கார்ந்து ஒரே ரிஜிஸ்டரை எழுதிய குமாஸ்தாவைத் தூக்கி, 'நாளையிலிருந்து கம்பெனி முழுக்க நீதான்' என்றால் எப்படி இருக்கும்? கருமுட்டை செய்ய வேண்டியது அந்த வேலையைத்தான். பழைய பின்களையெல்லாம் பிடுங்கிவிட்டு, முதல் பக்கத்திலிருந்து படிக்க வைக்க வேண்டும். அதுவும் முதல் சில நாட்களுக்குள்.

ஸ்காட்லாந்தின் ராஸ்லின் இன்ஸ்டிட்யூட்டில் 1996 ஜூலை 5-ஆம் தேதி பிறந்த டாலி ஆட்டை மறந்திருக்க மாட்டீர்கள். ஆறு வயது ஆட்டின் மடியிலிருந்து எடுத்த செல். வில்மட்டும் கேம்ப்பெல்லும் அந்த செல்களைச் சில நாள் பட்டினி போட்டார்கள். வேலையை நிறுத்திச் சும்மா கிடக்கும் செல்லை மாற்றுவது சுலபம் என்பது கேம்ப்பெல்லின் கணக்கு. (மனிதர்களிடம் இது பலிப்பதில்லை.) அப்படியும் 277 முட்டைகளில் 29 கருக்கள், ஒரே ஒரு ஆட்டுக்குட்டி. பேப்பரில் டாலியின் போட்டோ வந்தது. மற்ற 276-க்கு யார் போட்டோ போடுவார்கள்? பிடுங்காத பின்கள்தான் இந்தச் சாவுகளுக்குப் பெரிய காரணம். கன்றுகளில் சில, வயிற்றிலேயே அளவுக்கு மீறிப் பெருத்துத் தாயையும் சேர்த்து வதைக்கும்.

சிசிக்கு வருவோம். பெண் பூனைக்கு இரண்டு எக்ஸ் குரோமோசோம். ரெயின்போவுக்கு ஒன்றில் ஆரஞ்சு ஜீன், மற்றதில் கறுப்பு. கரு சின்னதாக இருக்கும்போதே ஒவ்வொரு செல்லும் ஏதாவது ஒரு எக்ஸை மூடிவிடும். எதை என்பது டாஸ் போடுகிற மாதிரி. அதனால்தான் இங்கே ஆரஞ்சுத் திட்டு, அங்கே கறுப்புத் திட்டு. க்ளோனிங்குக்கு எடுத்த செல்லில் ஆரஞ்சு எக்ஸ் மூடியிருந்தது. முட்டை அதைத் திறந்து, டாஸை மறுபடி போட்டிருக்க வேண்டும். போடவில்லை. பழைய பூட்டு அப்படியே தங்கிவிட்டது என்பதுதான் விஞ்ஞானிகள் தரும் விளக்கம்.

குரங்கு இதைவிடப் பிடிவாதம். ஷாங்காயில் கிடிம்4டி என்கிற என்ஸைமை முட்டைக்குள் தயாராக வைத்து, ஹிஸ்டோன் முத்திரைகளை அழித்துப் பார்த்தார்கள். ஜோங் ஜோங், ஹுவா ஹுவா என்று இரண்டு குரங்குக் குட்டிகள் பிறந்ததை 2018 ஜனவரியில் அறிவித்தார்கள். இரண்டும் கருவிலிருந்த குட்டியின் செல்லிலிருந்து வந்தவை. வளர்ந்த குரங்கின் செல்லிலிருந்து பிறந்த இரண்டும் சில மணி நேரத்தில் செத்துப்போயின.

எனக்குத் தெரிந்த ஒருவர், பதினான்கு வருஷம் வளர்த்த நாய் செத்ததும் ஒரு மாசம் சரியாகச் சாப்பிடவில்லை. "க்ளோனிங் பண்ண எவ்வளவு ஆகும், சொல்லுப்பா" என்றார். அமெரிக்காவில் 2004-இல் ஒரு பெண்மணி தன் பூனைக்காக 50,000 டாலர் கொடுத்தார் என்றேன். மனுஷன் அசரவில்லை. "நிலத்தை வித்துடலாம். வாசல்ல என் செருப்புச் சத்தம் கேட்டா எழுந்து வருமா?" என்று கேட்டார். அது டி.என்.ஏ.வில் எழுதியிருப்பதில்லை, ஸார். செருப்புச் சத்தத்தை முதலிலிருந்து கற்றுக்கொடுக்க வேண்டும். அதற்கு நிலத்தை ஏன் விற்பானேன்? தெருவில் சும்மா கிடைக்கிற குட்டியும் கற்றுக்கொள்ளும். சொன்னேன். கோபித்துக்கொண்டு போய்விட்டார்.

சிசியை, அதை உருவாக்கிய குழுவிலிருந்த டாக்டர் கிரேமரே வீட்டுக்குக் கொண்டுபோனார். கொல்லையில் அதற்கு இரண்டு மாடி வீடு. 2006-இல் குட்டியும் போட்டது, ஆய்வுக்கூடத்தின் உதவி எதுவும் இல்லாமல். 2020 மார்ச்சில், 18 வயதில், கிழப் பூனையாகச் செத்தது. கடைசிவரை ஆரஞ்சு வரவில்லை.