வீட்டுக்கு வந்த தாடி ஓணான்

வேலியில் போகிற ஓணானைப் பிடித்து மடியில் விட்டுக்கொண்டு, பிறகு குத்துகிறது குடைகிறது என்று புலம்புவானேன் என்ற பழமொழியை அறியாதவர் நம்மில் இரார். சென்ற ஆண்டு நவம்பரில் நாங்கள் செய்ததும் ஏறத்தாழ அதுவே. புணே நகரில் எங்களுடன் பணியாற்றிய நண்பர் ஒருவருக்குக் கிழக்கு மாநிலம் ஒன்றுக்கு இடமாற்ற ஆணை வந்தது. இரண்டு இரவு ரயில் பயணத்தில் தம் வளர்ப்புப் பிராணியைக் கொண்டு செல்ல அவர் துணியவில்லை. பெட்டி படுக்கையுடன் ஊர் ஊராய்ப் பெயரும் வங்கிப் பணியாளர்க்கு இந்தச் சங்கடம் புதிதன்று. மறுக்க மனம் வராமல், ஒரு கண்ணாடிப் பெட்டியையும் அதனுள் முறைத்துக்கொண்டிருந்த மூன்று வயது ஓணானையும் வீட்டுக்குக் கொண்டுவந்தோம். ஊரிலிருந்து தொலைபேசியில் பேசிய அம்மா முதலில் சொன்னது மேற்படி பழமொழியைத்தான்.

ஆங்கிலத்தில் 'பியர்டட் டிராகன்' என்று வழங்கும் இவ்வுயிரினத்தைத் தாடி ஓணான் என்று அழைப்பதே பொருத்தம். நம் தோட்டத்து ஓணானும் இதுவும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. இதன் தாயகம் ஆஸ்திரேலியாவின் உட்பகுதியிலுள்ள வறண்ட நிலங்கள். அச்சமோ சினமோ கொண்டால் தொண்டைத் தோலை உப்பிக் கருக்கச் செய்துகொள்ளும், அதுவே தாடி. வாலுடன் சேர்த்து ஒன்றரை முதல் இரண்டு அடி வரை வளரும். நல்ல பராமரிப்பில் பத்து முதல் பதினைந்து ஆண்டுகள் வாழும். ஆஸ்திரேலியா தன் காட்டுயிர்களை வணிகத்துக்காக ஏற்றுமதி செய்வதை 1960களிலேயே தடை செய்துவிட்டது. ஆகவே இன்று உலகெங்கும் வீடுகளில் வளர்பவை, பிற நாடுகளில் மனிதர் பராமரிப்பில் பிறந்தவற்றின் வழிவந்தவையே.

முதல் ஆறு நாள்கள் அது ஒன்றும் உண்ணவில்லை. தாடி கருத்தே இருந்தது. வயிற்றில் கரும்பட்டைகள் தோன்றின. பதறிப்போய் நாங்கள் அரை மணிக்கு ஒரு முறை மூடியைத் திறந்து பார்த்ததே பெருந்தவறு என்பது பிறகு புரிந்தது. இவ்வகைப் பிராணிகளின் உச்சந்தலையில் மூன்றாவது கண் ஒன்று உண்டு. உருவத்தைக் காணாது, ஒளியும் நிழலும் மாறுவதை மட்டும் உணரும். திறந்த வெளியில் வாழும் ஓணானுக்கு மேலிருந்து விழும் நிழல் என்றால் பருந்து. அன்பு மேலிட்டு மேலேயிருந்து நாங்கள் நீட்டிய கைகள் ஒவ்வொன்றும் அதற்குப் பருந்தாகவே பட்டிருக்க வேண்டும்.

இடம் மாறிய ஓணானுக்கு ஒன்றிரண்டு வாரங்கள் தனிமை வேண்டும். பெட்டியின் மூன்று பக்கங்களையும் செய்தித்தாளால் மறைத்தோம். பதுங்கிக்கொள்ள ஒரு மரப்பட்டை வளைவை உள்ளே வைத்தோம். தொடுவதை நிறுத்தினோம். பத்தாம் வகுப்பு படிக்கும் எங்கள் மகள் மட்டும் மாலையில் பெட்டிக்கு அருகே அமர்ந்து பாடம் படிப்பாள். அதன் பக்கம் திரும்பவும் மாட்டாள். ஒன்பதாம் நாள், பக்கவாட்டில் மெல்ல நீட்டிய செம்பருத்திப் பூவை அது 'சட்'டென்று நாவால் இழுத்துக்கொண்டது. அன்று எங்கள் வீட்டில் பாயசம் வைக்காத குறைதான்.

பாலைவனப் பிராணி ஆயிற்றே, நம் நாட்டு வெயிலுக்கு வாடாது என்று எண்ணுவது பொதுவான பிழை. ஓணானுக்குத் தேவை ஒரே சீரான வெப்பமன்று. வேண்டும்போது சுடவும் வேண்டாதபோது ஆறவும் இடம் வேண்டும். பெட்டியின் ஒரு முனையில் விளக்குக்குக் கீழுள்ள கல் 38 முதல் 42 டிகிரி செல்சியஸ் வரை சுட வேண்டும். மறுமுனை 24 முதல் 28 டிகிரிக்குள் இருக்க வேண்டும். வெப்பம் போதாவிட்டால் உண்டது செரிக்காது. நண்பர் கொடுத்த பெட்டியில் ஒட்டியிருந்த வட்டமான வெப்பமானி எல்லாம் சரி என்றே காட்டிற்று. கல்லின் பரப்பை அளக்கும் துப்பாக்கி வடிவக் கருவியை வாங்கி வைத்துப் பார்த்தால் 31 டிகிரிதான். விளக்கைத் தாழ்த்தி, ஓணான் சுட்டுக்கொள்ளாதவாறு கம்பிக்கூண்டு மாட்டினோம். புணேயில் மார்கழிக் குளிர் சில இரவுகளில் 10 டிகிரியைத் தொடும். இரவில் 18 டிகிரிக்குக் குறையாதிருக்க, ஒளி உமிழாத பீங்கான் வெப்பக் குமிழ் ஒன்றைத் தெர்மோஸ்டாட்டுடன் இணைத்தோம். மணலைப் பரப்பினால் பாலைவனம் போல் அழகாகத் தோன்றும் என்று மகள் ஆசைப்பட்டாள். ஆனால் உணவோடு மணலை விழுங்கிக் குடல் அடைபடும் அபாயம் உண்டு என்பதால் சொரசொரப்பான தரை ஓடுகளையே பதித்தோம். துடைக்கவும் எளிது.

உணவைப் பொறுத்தவரை, குட்டிகளுக்குப் பூச்சியே முதன்மை. வளர்ந்தவற்றுக்கு இலையும் காயும் மிகுதியாகவும் பூச்சி குறைவாகவும் வேண்டும். முருங்கைக் கீரை, கடுகுக் கீரை, துருவிய பூசணிக்காய், செம்பருத்தி ஆகியவை எங்கள் ஓணானின் நித்தியப்படி. பாலக்கீரை சுண்ணாம்புச் சத்தை உடலில் சேரவிடாமல் பிணைத்துக்கொள்வதால் அதைத் தவிர்க்கிறோம். அவகாடோ பழம் கூடவே கூடாது. பூச்சி எதுவாயினும் ஓணானின் இரு கண்களுக்கு இடைப்பட்ட அகலத்தைவிடப் பெரிதாக இருத்தல் ஆகாது. மின்மினி நஞ்சு, ஒன்றே உயிரைப் போக்கக் கூடும். வீட்டுக் கரப்பானைப் பிடித்துப் போடுவதும் தவறு. அது எந்த வீட்டுப் பூச்சிமருந்தைத் தின்று வந்ததோ யார் அறிவார்? வளர்ப்பாளரிடம் வாங்கிய சிள்வண்டுகளில் சில ஒருமுறை தப்பியோடிக் குளிர்பதனப் பெட்டிக்குப் பின்னால் குடியேறி, ஒரு வாரம் இரவு முழுதும் கச்சேரி நடத்தின. அம்மாவிடம் இச்செய்தியை நாங்கள் சொல்லவில்லை.

இவ்வளவும் செய்தும் சனவரியில் பெருங்கவலை வந்து சேர்ந்தது. பூச்சியை நோக்கிப் பாய முயலும்போது ஓணானின் முன்னங்கால் விரல்கள் நடுங்குவதை மகள்தான் முதலில் கண்டாள். குளிராக இருக்கும் என்று நாங்கள் தட்டிக்கழித்தோம். நான்கு நாள் கழித்து அது உடலைத் தரையிலிருந்து தூக்க முடியாமல் ஊர்ந்தது. அயல்நாட்டுப் பிராணிகளைப் பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் விரைந்தோம். அவர் கீழ்த்தாடையை விரலால் மெல்ல அழுத்தினார். அது ரப்பரைப் போல் வளைந்தது. எக்ஸ்ரே படத்தில் எலும்புகள் வெளிறித் தெரிந்தன. பிறகு அவர் கேட்டது ஒரே கேள்வி: புற ஊதாக் கதிர் விளக்கை எப்போது மாற்றினீர்கள்?

நண்பரைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்டோம். இரண்டாண்டுகளுக்கு முன் வாங்கிய குழல் அது. கண்ணுக்குப் பளிச்சென்று எரிந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் புற ஊதா 'பி' கதிரை உமிழும் திறன், வெளிச்சம் மங்குவதற்கு வெகு முன்பே தேய்ந்துவிடும். ஆகவேதான் ஆறு மாதம் முதல் ஓராண்டுக்குள் குழலை மாற்ற வேண்டும் என்பர். போதாக்குறைக்கு அந்தக் குழல் பெட்டியின் கண்ணாடி மூடிக்கு மேலே பொருத்தப்பட்டிருந்தது. சாதாரணக் கண்ணாடி அக்கதிரைத் தடுத்துவிடும். காலை வெயில் நல்லதென்று சாளரக் கண்ணாடிக்குப் பின்னால் அதை நாள்தோறும் உட்காரவைத்த எங்கள் அக்கறையும் அவ்வாறே வீணாயிற்று.

நோயின் இயல்பை எங்கள் தொழில் மொழியில் சொன்னால் எளிதில் விளங்கும். இரத்தத்திலுள்ள சுண்ணாம்புச் சத்து நடப்புக் கணக்கு, எலும்பிலுள்ளது வைப்புத்தொகை. புற ஊதா 'பி' கதிர் பட்டால்தான் ஓணானின் தோல் வைட்டமின் டி3 ஐ உண்டாக்கும். அது இருந்தால்தான் உண்ட சுண்ணாம்புச் சத்து குடலிலிருந்து உடலில் சேரும். வரவு நின்றபோதும் தசையும் இதயமும் இயங்கச் செலவு நடந்தே தீர வேண்டும். உடல் வேறு வழியின்றி வைப்புத்தொகையை உடைத்து எடுக்கிறது. நாங்கள் முருங்கையாய்ப் போட்டும் கணக்கில் ஒன்றும் ஏறவில்லை.

அடுத்த ஆறு வாரங்கள் வீட்டின் நேரமெல்லாம் ஓணானைச் சுற்றியே சுழன்றது. மருத்துவர் எழுதிய சுண்ணாம்புச் சத்துத் திரவத்தை ஊசியில்லாச் சிரிஞ்சால் வாயோரத்தில் சொட்டவிட்டோம். எலும்பு முறியும் நிலையில் இருந்ததால் இரு கைகளாலும் வயிற்றைத் தாங்கித் தூக்கினோம். பழைய பெட்டியைக் கழித்துவிட்டு, முன்புறம் மட்டும் கண்ணாடிக் கதவுள்ள நான்கடி நீள மரப்பெட்டி செய்வித்து, புதுக் குழலை உட்புறக் கூரையிலேயே பொருத்தினோம். வாங்கிய தேதியைக் குழலின் முனையில் எழுதி ஒட்டினோம். பூச்சிகளைப் பாஸ்பரஸ் கலவாத சுண்ணாம்புப் பொடியில் புரட்டிய பிறகே கொடுத்தோம். பொதுத்தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்த மகள் காலை ஐந்து மணிக்கு எழுந்து முதல் வேளை மருந்தைத் தானே கொடுத்தாள். சனவரியில் தன் சொல்லைக் கேட்காத பெற்றோரிடம் அப்பொறுப்பை விட அவளுக்கு விருப்பமில்லை. அதில் நியாயம் இருந்ததால் நாங்களும் வாதிடவில்லை.

மார்ச் மாத நடுவில் நடுக்கம் நின்றது. ஏப்ரலில் கல்லின் மேல் தானே ஏறிற்று. கீழ்த்தாடை மட்டும் இடப்பக்கம் சற்றே கோணியது கோணியதுதான். அது இனி நேராகாது என்று மருத்துவர் கூறிவிட்டார்.

செலவைப் பற்றி வாசகர்கள் கேட்பது இயல்பு. பிராணியின் விலையைவிடப் பெட்டி, விளக்கு, கருவிகள் ஆகியவற்றின் விலையே மிகும். 75 வாட் வெப்ப விளக்கும் 24 வாட் குழலும் நாளொன்றுக்குப் பன்னிரண்டு மணி நேரம் எரிந்தால் ஏறத்தாழ 1.2 யூனிட், மாதத்துக்கு 36 யூனிட். குளிர்கால இரவு வெப்பம் தனி. மருத்துவச் செலவுக்கென ஒரு சிறு தொடர் வைப்புக் கணக்கை நாங்கள் பிப்ரவரியில்தான் தொடங்கினோம். நவம்பரிலேயே தொடங்கியிருக்க வேண்டும்.

சட்டத்தையும் அறிந்துகொள்ள வேண்டும். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 2022இல் திருத்தப்பட்டது. பன்னாட்டு உடன்படிக்கைப் பட்டியலிலுள்ள அயல்நாட்டு உயிரினங்களை வைத்திருப்போர் 2024ஆம் ஆண்டு விதிகளின்படி 'பரிவேஷ்' இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். ஆகவே எதை வாங்கும் முன்னும் அது பட்டியலில் உள்ளதா என்று பார்த்து, ரசீதும் ஆவணமும் கேட்டுப் பெறுங்கள். நண்பர் எங்களிடம் ஓணானுடன் ஒரு கோப்பையும் ஒப்படைத்தார். ஆவணம் கேட்டே பழகிய எங்களுக்கு அது பெரும் நிம்மதி. நம் நாட்டுப் பாலைவனப் பல்லி வேறு கதை. தார்ப் பாலைவனத்திலும் கட்ச் பகுதியிலும் வளைதோண்டி வாழும் 'சாண்டா' எனும் முள்வால் ஓணானைப் பிடிப்பதும் விற்பதும் வீட்டில் வைத்திருப்பதும் குற்றம். மூட்டுவலி மருந்தென்று அதன் கொழுப்பை எண்ணெயாக்கி விற்போரிடம் அவ்வினம் ஏற்கெனவே படும் பாடு போதும்.

இன்னொன்று: ஊர்வனவற்றின் உடலில் சால்மோனெல்லா கிருமி இருக்கக் கூடும். தொட்ட பின் சோப்பிட்டுக் கை கழுவுவது எங்கள் வீட்டில் கட்டாயம். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் உள்ள வீட்டுக்கு இப்பிராணி ஏற்றதன்று. தண்ணீர்க் கிண்ணத்தையும் சமையலறைத் தொட்டியில் கழுவுவதில்லை.

கடந்த மாதம் நண்பர் காணொலியில் அழைத்தார். கைப்பேசியைப் பெட்டிக்கு முன் பிடித்தோம். அவர் தம் மொழியில் அதனிடம் ஏதோ கொஞ்சிப் பேசினார். கல்லின் மேல் படுத்திருந்த ஓணான் தலையை நிமிர்த்திப் பார்த்தது. அவர் குரலை அடையாளம் கண்டுகொண்டதாக அவர் நெகிழ்ந்துபோனார். அந்த வேளையில் எங்களுக்குப் பின்னால் மகள் செம்பருத்திக் கிண்ணத்துடன் வந்து நின்றதை அவரிடம் நாங்கள் சொல்லவில்லை.